சமையலறைக் கழிவில் எரிவாயு: மானியம், தீனி, அடுப்பு – கேள்வி பதில்

கேள்வி: வீட்டில் நாலு பேர். தினமும் ஒரு கிலோ காய்கறி, சோற்றுக் கழிவு சேரும். இதிலிருந்து எரிவாயு எடுக்கும் கலன் வைக்க மத்திய அரசு மானியம் உண்டா?

பதில்: 2022 நவம்பரில் அறிவித்த தேசிய உயிரி ஆற்றல் திட்டத்தில் உண்டு. ஆனால் தினம் 1 முதல் 25 கன மீட்டர் வாயு தரும் கலனுக்குத்தான். 1 கன மீட்டர் கலனுக்கு 9,800 ரூபாய். பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 17,000. மொட்டை மாடியில் வைக்கிற அரை கன மீட்டர் பிளாஸ்டிக் டிரம் இந்த வரம்புக்குள் வராது. விற்பவர் இதைச் சொல்ல மாட்டார். கலன் ஓடத் தொடங்கிய பிறகே பணம் வரும். திட்டம் 2025-26 நிதியாண்டு வரைக்கும் என்றே அறிவிக்கப்பட்டது. முன்பணம் கொடுக்குமுன் இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.

கேள்வி: சிலிண்டரை நிறுத்திவிடலாமா?

பதில்: முடியாது. சுமார் 10 கிலோ ஈரக்கழிவுக்கு 1 கன மீட்டர் வாயு. அது 430 கிராம் சிலிண்டர் கேஸுக்குச் சமம். உங்கள் ஒரு கிலோவுக்கு 43 கிராம்தான். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றை மிச்சம் பிடிக்கப் பதினோரு மாதம் ஆகும். பக்கத்து வீடுகளின் கழிவையும் சேர்த்தால்தான் கணக்கு தேறும். மாடு இருந்தால் கவலையில்லை: 25 கிலோ சாணம், அதே அளவு தண்ணீர், 1 கன மீட்டர்.

கேள்வி: சாணம் கரைத்து ஊற்றி இருபது நாளாச்சு. வாயு சேரும் மேல் டிரம் எழும்புகிறது, தீ பிடிக்கவில்லை.

பதில்: முதலில் வருவது பெரும்பாலும் கரியமில வாயு. திறந்த வெளியில் வெளியேற்றிவிட்டு மறுபடி நிரம்ப விடுங்கள். கலன் வாயில் தீக்குச்சி வைத்துப் பார்க்காதீர்கள், சோதனை அடுப்பில்தான். அதுவும் சாண எரிவாயு அடுப்பாக இருக்க வேண்டும். சிலிண்டர் அடுப்பின் ஜெட் துளை இந்தக் குறைந்த அழுத்தத்துக்குப் போதாது.

கேள்வி: நன்றாக எரிந்துகொண்டிருந்தது. விருந்து முடிந்து மிச்சத்தையெல்லாம் கொட்டினோம். இப்போது புளித்த வாடை, வாயுவே இல்லை.

பதில்: ஒரேயடியாகச் சோறு போட்டதில் அமிலம் கூடி, வாயு தரும் நுண்ணுயிர்கள் முடங்கிவிட்டன. ஒரு வாரம் எதுவும் போடாதீர்கள். ஒரு வாளி புதுச் சாணக் கரைசல் ஊற்றுங்கள். அமில அளவு காட்டும் பி.எச். தாளில் 7-ஐ ஒட்டி வந்ததும் கால் பங்குத் தீனியில் ஆரம்பியுங்கள். கலன் தேறியபின் வடிகஞ்சி, கழுநீர் அளவோடு ஊற்றலாம். எலுமிச்சைத் தோல், முட்டை ஓடு, எலும்பு வேண்டாம். பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீரும் பினாயிலும் ஒரு சொட்டுகூடக் கூடாது.

கேள்வி: தீ விட்டுவிட்டு எரிகிறது.

பதில்: குழாய் தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கியிருக்கும். வால்வை மூடி, அடுப்புப் பக்கம் கழற்றி வடித்துவிடுங்கள். குழாயைச் சரிவாகக் கட்டி, தாழ்ந்த இடத்தில் ஒரு டி-இணைப்பும் வடிகால் திருகும் போட்டால் போதும்.