கீழேயிருந்து கேளுங்கள், மாஸ்டர்

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ஒரு சபையில் பல வருடமாகப் பாடகர் குழு நடத்தி வருகிறேன். கீபோர்டும் நானே வாசிப்பேன். குழுவில் பேஸ் கிதார் வாசிக்கும் பையனுக்கு இருபது வயது. நல்ல பிள்ளை, தாளம் பிசகாது. சில மாதமாகக் கீர்த்தனைகளுக்குக்கூட கட்டைவிரலால் கம்பியை அடித்து அடித்து வாசிக்கிறான். ஏன் என்றால், அமெரிக்க ராக் குழுவான ‘ஃபெயித் நோ மோர்’ரின் ‘தி ரியல் திங்’ ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்கள் மாஸ்டர் என்கிறான். போனில் போட்டேன். ஒரே இரைச்சல். ஒருவன் பேசுகிறான், பாடுகிறான், திடீரென்று கத்துகிறான். தலைவலிதான் மிச்சம். குழுவின் பெயரும் எனக்குச் சரியாகப் படவில்லை. இதில் அப்படி என்ன இருக்கிறது? பையனைக் கண்டிப்பதா, விட்டுவிடுவதா?

பதில்: அன்புள்ள மாஸ்டர்,

கண்டிக்க வேண்டாம். இருபது வயதில் ஒரு பையன் தனக்கு உயிரான ஆல்பத்தை உங்களிடம் கேட்கச் சொல்கிறான் என்றால், உங்கள் காதின் மேல் அவனுக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது.

போனில் கேட்டதுதான் முதல் சிக்கல். பேஸ் கிதாரின் தடித்த கம்பி நொடிக்குச் சுமார் 41 முறை அதிரும். அந்தக் கனத்தை வெளியே கொண்டுவரும் வலு போன் ஸ்பீக்கருக்குக் கிடையாது. அடியில் இருப்பதை உருவிவிட்டு, மேலே இருக்கிற கிதாரையும் குரலையும் மட்டும் அது உங்களுக்குக் கொடுத்திருக்கிறது. அப்படிக் கேட்டால் யாருக்கும் தலை வலிக்கத்தான் செய்யும். பயிற்சி இல்லாத ஒரு சாயங்காலம் குழுவின் பெரிய ஸ்பீக்கரில் போடுங்கள். வசதிப்படாவிட்டால் நல்ல ஹெட்போன் போதும்.

வரிசைப்படி கேட்காமல் ஒன்பதாவது ‘வுட்பெக்கர் ஃப்ரம் மார்ஸ்’ஸில் தொடங்குங்கள். அதில் பாட்டே கிடையாது, வாத்தியம் மட்டும். உங்களுக்கு இடைஞ்சலாக இருந்த குரல் இல்லாததால், பில்லி கூல்டின் பேஸும் மைக் போர்டினின் டிரம்ஸும் எப்படிக் கைகோத்துப் போகின்றன என்பது நேரடியாகக் காதில் விழும். அடுத்து மூன்றாவது பாட்டு, ‘ஃபாலிங் டு பீசஸ்’. தொடக்கத்திலேயே பேஸ் முன்னால் வந்து நிற்கும். குரல் வந்த பிறகும் அதை விட்டுவிடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

மெட்டல் இசையில் பெரும்பாலும் பேஸ் கிதார், கிதார் போகிற வழியிலேயே கீழே நின்று அதே சுரங்களை வாசித்துக் கனம் கூட்டும். தனியாக அது என்ன செய்கிறது என்பதே பல ஆல்பங்களில் கேட்காது. இங்கே அப்படி இல்லை. ஜிம் மார்ட்டினின் கிதார், மெட்டலின் முன்னோடிக் குழுவான பிளாக் சபாத் வழிவந்த கனத்தோடு நேராக இடித்துக்கொண்டு போகிறது. பேஸோ ஃபங்க் வழியில் நடக்கிறது, சுரத்துக்குச் சுரம் இடைவெளி விட்டு. 1960களில் அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் முதல் அடியை அழுத்தி, மற்ற வாத்தியங்களை அதைச் சுற்றி வெட்டி வெட்டி வாசிக்க வைத்தாரே, அந்த வழி. ஒன்று இடைவெளியே விடாமல் நிரப்பப் பார்க்கிறது, இன்னொன்று இடைவெளியில்தான் வாழ்கிறது. இரண்டும் ஒரே பாட்டுக்குள் முட்டிக்கொள்ளாமல் நிற்பதுதான் இந்த ஆல்பத்தின் ருசி. உங்கள் பையன் மயங்கியிருப்பதும் அங்கேதான் என்று நினைக்கிறேன்.

நம் ஊர்க் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். புலவர் கதையை எங்கெங்கோ கொண்டுபோவார், உடுக்கை ஒரு பக்கம் பறக்கும், வில்லின் மணிகள் குலுங்கும். குடம் அடிக்கிறவர் மட்டும் அந்தக் ‘கும்’மை விட மாட்டார். அது கீழே இருக்கிற தைரியத்தில்தான் மேலே இருப்பவர்கள் அவ்வளவு தூரம் போக முடிகிறது. கூல்டின் வேலையும் அதுதான்.

கட்டைவிரலால் அடிக்கிற வாசிப்புக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தொடங்கி வைத்தவர் என்று அமெரிக்க பேஸ் வாசிப்பாளர் லாரி கிரகாமைச் சொல்வார்கள். இளவயதில் தாயாரின் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தவர் அவர். குழுவில் டிரம்ஸ் இல்லாமல் போனபோது, பெரிய டிரம்முக்குப் பதிலாகக் கட்டைவிரலால் தடித்த கம்பியை அடித்தார். சின்ன டிரம்மின் ‘சட்’டுக்கு மெல்லிய கம்பியை விரலால் இழுத்துச் சுண்டினார். இல்லாத ஒரு ஆளின் இடத்தை நிரப்ப வந்த வாசிப்பு அது. உங்கள் குழுவில் டிரம்ஸ் வாசிக்க ஆள் வராத ஞாயிறுகளில் அது எவ்வளவு கைகொடுக்கும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் கீபோர்டுக்காரர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராடி பாட்டம் கீபோர்டில் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். இத்தனை இடிபாட்டுக்கும் மேலே நீளமான கார்டுகளை (ஒன்றாக அழுத்திய சுரக்கூட்டுகளை) அசையாமல் பிடித்துக்கொண்டிருப்பார். நால்குரலுக்கு அடியில் நீங்கள் ஆர்கன் ஒலியைப் பிடித்து நிற்கிற அதே வேலை. கிதார் எவ்வளவு மோதினாலும் பாட்டு வறண்டு போகாமல் இருப்பதற்கு அவர்தான் காரணம். ‘எபிக்’ பாட்டின் கடைசியில் எல்லா ஆரவாரமும் அடங்கி பியானோ மட்டும் மிஞ்சும். அந்த இடம் உங்களுக்குப் பிடிக்காமல் போகாது. 1990ல் அமெரிக்கப் பாடல் வரிசையில் அந்தப் பாட்டு ஒன்பதாம் இடம் வரை போனது.

குரல் விஷயம். பாடகர் மைக் பேட்டனுக்கு அப்போது வயது 21. அவர் குழுவில் சேரும்போது இசை பெரும்பாலும் தயாராகிவிட்டது. இரண்டு வார அளவில் அத்தனை பாட்டுக்கும் வரி எழுதினார். ஆல்பம் 1989 ஜூனில் வந்தது. ஏற்கெனவே கட்டி முடித்த இசைக்குள் வந்ததால், எங்கே பேசலாம், எங்கே பாடலாம், எங்கே கத்தலாம் என்று ஒவ்வொரு இடமாகத் தேடி நுழைகிறார். இதை மனதில் வைத்துக்கொண்டு கேட்டால் அந்தத் தாவல்கள் புரியத் தொடங்கும். கத்தல் உங்களுக்குக் கடைசிவரை பிடிக்காமலே போகலாம், பாதகமில்லை.

பெயரைப் பற்றிய உங்கள் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதிலிருந்து தொடங்கி வரிகளுக்கும் வருவோம். குழுவின் முந்தைய பெயர் ‘ஃபெயித் நோ மேன்’. அதன் பாடகரை விட்டு மற்றவர்கள் பிரிந்து வந்ததும் மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். மதத்தின் மேல் தொடுத்த சண்டை இல்லை. பத்தாவது பாட்டு ‘வார் பிக்ஸ்’, பிளாக் சபாத் 1970ல் பாடியது. மற்றவர்களைப் போருக்கு அனுப்பிவிட்டுத் தாங்கள் ஒளிந்துகொள்ளும் பெரிய மனிதர்கள் நியாயத்தீர்ப்பு நாளில் முழங்காலில் ஊர்ந்து வருவதாக அது முடியும். சபையில் பாட முடியாது என்றாலும் உங்களுக்கு அந்நியமான பேச்சு இல்லை. ஆனால் பதினோராவது ‘எட்ஜ் ஆஃப் தி வேர்ல்ட்’, இளம்பெண்ணிடம் நைச்சியமாகப் பேசும் ஒரு வயதான ஆளின் வாயிலிருந்து வருகிறது. கெட்டவனின் குரலில் எழுதிய பாட்டு. மெட்டு மென்மையாக இருப்பதால் ஏமாந்துவிடக் கூடும். குழுவின் சின்னப் பிள்ளைகள் இருக்கும்போது அதைப் போட வேண்டாம்.

இனி பையன். தனியாகக் கூப்பிட்டு, “மக்களே, அந்த ஆல்பத்துல உனக்குப் பிடிச்ச இடத்த ஒருக்கா வாசிச்சுக் காட்டு பாப்போம்” என்று கேளுங்கள். அவன் வாசிக்கும்போது நீங்கள் கீபோர்டில் அந்த நீண்ட கார்டைப் பிடியுங்கள். பிறகு ஒரு நிதானமான கீர்த்தனையை எடுத்து, அதே கட்டைவிரல் அடியோடு ஒரு தடவை, விரலால் மெதுவாக நீட்டி ஒரு தடவை வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டையும் பதிவு செய்து கேட்கச் செய்யுங்கள். நெஞ்சுருகும் வரியின் நடுவே அந்த ‘சட்’ விழுந்தால் பாடுகிறவர்களின் மூச்சு வெட்டுப்படும், அவனுக்கே கேட்டுவிடும். தாளம் பிசகாத பிள்ளை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அந்தக் காதை நம்புங்கள். ‘அது உலகத்துப் பாட்டு’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு வார்த்தையில் நல்ல வாசிப்பாளர்களை இழந்த குழுக்கள் நம் மாவட்டத்தில் குறைவில்லை.

துள்ளலான கேரல் பாட்டுகளில் இரண்டையாவது அவன் பாணிக்கே விட்டுக்கொடுங்கள். இதையெல்லாம் நவம்பருக்குள் முடித்துவிடுங்கள். கேரல் ரவுண்ட் தொடங்கிவிட்டால் உங்கள் இருவருக்கும் உட்கார்ந்து பேச ஒரு ராத்திரிகூட கிடைக்காது.