மகள் யூனிஃபார்மைக் கழற்றுகிறாள், நான் என்ன சொல்ல?

கேள்வி: அக்கா, வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன், வயது 69. இளவயதில் சாலிஸ்பரி தீவில் இந்தியர்களுக்கென்று வைத்திருந்த ஜல்சேனா முகாமில் பயிற்சி எடுத்துச் சில வருஷம் கடற்படையில் இருந்தவன். என் மகள் அதே கடற்படையில் 22 வருஷம் உழைத்து கேப்டன் ஆகியிருக்கிறாள். சைமன்ஸ்டவுன் கடற்படைத் தளத்தில் வேலை. இப்போது அதை விட்டுவிட்டு பிரிட்டோரியாவில் பாதுகாப்புச் செயலகத்தில் இயக்குநர் பதவிக்கு மனுப் போடுகிறேன் என்கிறாள். அடுத்த படி ரியர் அட்மிரல்! அதை உதறிவிட்டு ஃபைல் பார்க்கும் வேலையா? கோயிலில் நாலு பேர் கேட்டால் என்ன சொல்வேன்? நான் பேச்செடுத்தாலே போனை வைத்துவிடுகிறாள்.
– ஒரு தகப்பன்

பதில்: ஐயா, கோபிக்காமல் ஒன்று சொல்லுங்கள். நீங்கள் ஜல்சேனாவுக்குக் கிளம்பிய அன்று உங்கள் அம்மா என்ன சொன்னார்?

1970-களின் நடுவில் அந்த உடுப்போடு பஸ் ஏறிய நம் பையன்களைத் தெருவில் எப்படிப் பார்த்தார்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. ஓட்டுப் போட உரிமை இல்லாதவனுக்கு வெள்ளைக்காரன் பட்டாளத்தில் என்ன வேலை என்று கேட்டவர்களில் என் அப்பாவும் ஒருவர். அதே சாலிஸ்பரி தீவில் 1961-ல் இந்தியர்களுக்கென்று தனிக் கல்லூரி திறந்தார்கள், பழைய கடற்படைக் கட்டடங்களில். நம்மை ஒதுக்கி வைக்க அந்தத் தீவு நன்றாகவே பயன்பட்டது. அப்போது உடுப்பைப் போட்டதற்காக ஏச்சு வாங்கியவர் நீங்கள். இப்போது அதைக் கழற்றுகிறாள் என்று மகளை ஏசுகிறீர்கள். எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது, மன்னிக்கணும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்த வேலையைக் குமாஸ்தா வேலை என்று நினைப்பதில்தான் உங்கள் கணக்கு தப்புகிறது.

உங்கள் காலத்தை நினைத்துப் பாருங்கள். 1976 முதல் 1980 வரை ராணுவத் தலைவராக இருந்த ஜெனரல் மேக்னஸ் மாலன், நேரே பாதுகாப்பு அமைச்சரானார். 1991 வரை அந்த நாற்காலி அவரிடம்தான். துப்பாக்கியும் ராணுவக்காரர்கள் கையில், கேள்வி கேட்கும் இடமும் அவர்கள் கையில். என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். அதை அனுபவித்தவர்கள்தான் 1996 அரசியல் சட்டத்தை எழுதினார்கள். ராணுவப் பகுதியில் 204-ஆம் பிரிவு என்று ஒன்று சேர்த்தார்கள்: அமைச்சரின் கீழ், ராணுவத்தினர் அல்லாதவர்களைக் கொண்ட ஒரு பாதுகாப்புச் செயலகம் கட்டாயம் இருக்கவேண்டும். கொள்கை வகுப்பதும் பட்ஜெட் போடுவதும் அங்கேதான். துறையின் பணத்துக்குச் சட்டப்படிப் பொறுப்பாளி தளபதி அல்ல, பாதுகாப்புச் செயலாளர். கணக்கில் ஓட்டை விழுந்தால் தலைமைத் தணிக்கையாளருக்கும் நாடாளுமன்றத்துக்கும் பதில் சொல்லவேண்டியவர் அவர். உங்கள் மகள் போக நினைப்பது அவருடைய வீட்டுக்குள்.

1994-க்குப் பிறகு அந்தப் பதவியில் உட்கார்ந்த பியர் ஸ்டெய்னும் உடுப்பைக் கழற்றிவிட்டு வந்தவர்தான். வானப்படையில் லெப்டினன்ட் ஜெனரல். ஆயுதக் கொள்முதல் காலத்தில், ஹாக் விமானம் உட்பட, தேர்வுகள் நடந்த விதம் அவருக்கு ஒப்பவில்லை. 1998-ல் விலகினார். பல வருஷம் கழித்து விசாரணை ஆணையத்தில் வந்து சாட்சியும் சொன்னார். உடுப்பில் இருந்திருந்தால் ‘உத்தரவு’ என்று சல்யூட் அடித்துவிட்டுப் போயிருக்கலாம். கையெழுத்துப் போடும் நாற்காலியில் அந்த வசதி கிடையாது.

கடற்படையிலிருந்தே உதாரணம் வேண்டுமென்றால் அமெரிக்காவின் கார்லோஸ் டெல் டோரோவைச் சொல்லலாம். ஹவானாவில் பிறந்து, குழந்தையாக அகதிக் குடும்பத்தோடு வந்தவர். 22 வருஷம் கடற்படையில் இருந்து, ஒரு போர்க்கப்பலுக்கு முதல் தலைவராகவும் இருந்து, சொந்தமாகக் கம்பெனி நடத்தி, 2021-ல் கடற்படைத் துறைச் செயலாளரானார். அங்கே அது அரசியல் நியமனம், நம்மூர்ப் பதவியோடு அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் அவர்களுக்கும் நம் பயம் உண்டு. 1947-லேயே சட்டம் போட்டார்கள்: ராணுவத்தை விட்டுப் பத்து வருஷம் ஆகாதவர் பாதுகாப்பு அமைச்சராகக் கூடாது என்று. பிற்பாடு அதை ஏழாகக் குறைத்தார்கள். மூன்று பேருக்கு விலக்கும் கொடுத்தார்கள், அது வேறு கதை.

ஏன் அத்தனை வருஷம் காத்திருக்கச் சொல்கிறார்கள் என்பதை என் தம்பி மகனிடம் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கடற்படையில் இன்ஜினியராக இருந்து சிவில் பக்கம் வந்தவன். முதல் மாதம் ஒருநாள் போனில் பழைய அட்மிரலின் குரல். கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டானாம். பக்கத்து மேசைப் பெண், வணிகவியல் படித்த சின்னப் பெண், “உட்காருங்க, அவருக்கு நீங்க தெரியமாட்டீங்க” என்றிருக்கிறாள். அட்மிரல் கேட்டது ஓர் உதிரிபாகத்துக்கு அவசர ஒப்புதல். மூன்று விலைப்புள்ளி வேண்டும், இருந்தது ஒன்று. கப்பலில் இருந்தவரை இந்த மாதிரித் தாமதத்துக்காக ஆபீஸ்காரர்களை வாய் கூசாமல் திட்டியவன் இவன். அன்றைக்கு “முடியாது சார்” என்ற இரண்டு வார்த்தை வெளியே வரப் பத்து நிமிஷம் ஆச்சு என்றான். போனை வைத்தபோது சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்ததாம்.

உங்கள் மகளுக்கும் இதுதான் கஷ்டமான இடம். கடற்படை கேப்டன் என்றால் தரைப்படை கர்னலுக்குச் சமம். முந்நூறு பேர் எழுந்து நின்ற இடத்திலிருந்து, யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்காத வராந்தாவுக்குப் போகிறாள். ஆனால் நான்கு ஃப்ரிகேட் போர்க்கப்பலும் மூன்று நீர்மூழ்கியும் வாங்கி வைத்துக்கொண்டு, பழுதுபார்க்கப் பணம் போதாமல் அவற்றில் பல கரையில் கட்டிக் கிடந்ததை சைமன்ஸ்டவுனில் தினமும் கண்ணால் பார்த்தவள் அவள். அந்தப் பணம் எந்த மேசையில் நிற்கிறது என்று போய்ப் பார்க்க நினைத்திருக்கலாம். கேட்டீர்களா?

நாலு பேர் விஷயத்துக்கு எனக்கு நேரமில்லை. காவடிக்கு வரும் கூட்டத்தில் ரியர் அட்மிரலுக்கும் இயக்குநருக்கும் வித்தியாசம் தெரிந்தவர் எத்தனை பேர்?

அவளிடம் கேட்க வேண்டியது வேறு இருக்கிறது. ஓய்வூதியத்தில் பெரிய பயமில்லை. படையினருக்கும் சிவில் ஊழியருக்கும் ஒரே அரசு ஊழியர் ஓய்வூதிய நிதிதான். இருந்தாலும் சேவைக்காலம் தொடர்ச்சியாகக் கணக்கில் ஏறுகிறது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். மருத்துவத்தில்தான் இடிக்கும். உடுப்பில் இருக்கும்வரை ராணுவ மருத்துவச் சேவை பார்த்துக்கொள்ளும். சிவில் பக்கம் போனால் ஜெம்ஸ் என்கிற அரசு ஊழியர் மருத்துவத் திட்டம் மாதிரி ஒன்றுக்கு மாதாமாதம் கட்டவேண்டும். பிள்ளைகள் இருந்தால் அந்தத் தொகையைச் சம்பளத்தில் கழித்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும். இன்னொன்று, இயக்குநர் முதல் மேலே உள்ள பதவிகளுக்கு 2020 ஏப்ரலிலிருந்து நியுகேலா சான்றிதழ் வேண்டும். அரசுப் பயிற்சிப் பள்ளி நடத்துகிற படிப்பு அது. அது இல்லாமல் நியமனம் நடக்காது.

இன்று ராத்திரி நீங்களே போன் போடுங்கள். உடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். “நியுகேலா முடிச்சிட்டியாம்மா?” என்று மட்டும் கேளுங்கள். போனை வைக்கிறாளா என்று எனக்கு எழுதுங்கள்.