‘மாடு டல்லாக இருக்கிறது’ என்றால் மருத்துவருக்கு என்ன புரியும்?

கேள்வி: எங்கள் கலப்பின ஜெர்சி மாடு கன்று போட்டு 18 நாள் ஆகிறது. நாளுக்கு 12 லிட்டர் கறந்தது. இரண்டு நாளாக 8 லிட்டர்தான். தவிடு, புண்ணாக்கை முகர்ந்துவிட்டு ஒதுங்குகிறது, வைக்கோல் மட்டும் தின்கிறது. கால்நடை மருத்துவரிடம் போனில் “மாடு டல்லாக இருக்கிறது” என்றேன். “விவரமாகப் பார்த்துச் சொல்லுங்கள்” என்கிறார். எதைப் பார்ப்பது?

பதில்: ‘டல்’ என்பது எல்லா நோய்க்கும் பொருந்தும். தவிட்டை ஒதுக்கி வைக்கோல் தின்கிறது என்றீர்களே, அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். கன்று போட்ட ஆறு வாரத்துக்குள் இப்படி ஆனால் முதல் சந்தேகம் கீட்டோசிஸ். பாலுக்கு வேண்டிய சர்க்கரை தீனியில் போதாதபோது மாடு தன் உடம்புக் கொழுப்பைக் கரைக்கும். அப்போது உண்டாகும் கீட்டோன்கள் ரத்தத்தில் ஏறிப் பசியைக் கெடுக்கும்.

அதனால் மூக்கிலிருந்து தொடங்குங்கள். தீனி வைக்கும் முன் மாட்டின் மூச்சை முகருங்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவம் போலவோ, அளிந்த பழம் போலவோ இனிப்பு வாடை அடிக்கிறதா? இந்த வாடை சிலர் மூக்குக்கு எட்டவே எட்டாது. வீட்டில் இன்னும் இரண்டு பேரை முகரச் சொல்லுங்கள். மருந்துக்கடையில் சிறுநீர் கீட்டோன் பட்டை கிடைக்கும். புதிய மூத்திரத்தில் நனைத்து, டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் கழித்து, அதிலுள்ள நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பின்பக்கக் கசிவையும் விட்டுவிடாதீர்கள். செம்பழுப்பாக, நீர்த்து, அழுகிய நாற்றத்தோடு வந்தால் கருப்பையில் நோய்த்தொற்று. பசி போனதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

அடுத்தது கை. இடது விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி 2 நிமிடம் நில்லுங்கள். நன்றாக இருக்கும் மாட்டின் வயிறு அதற்குள் 2, 3 முறை கையை வெளியே தள்ளும். அதே இடத்தில் காதை வைத்தால் தூரத்து இடி போல உருளும் சத்தம் கேட்கும். எத்தனை தள்ளல் என்று எண்ணிச் சொல்லுங்கள். “அசை போடுது” என்பதைவிட அது எவ்வளவோ பயன்படும். புறங்கையால் காது மடலைத் தொடுங்கள். சில்லென்று இருந்து, மாடு தள்ளாடினால் கால்சியம் குறைவாக இருக்கலாம், உடனே கூப்பிடுங்கள். சூட்டைக் கையால் மதிப்பிடாமல் தெர்மாமீட்டரை ஆசனவாயின் உட்சுவரில் படும்படி 2 நிமிடம் வையுங்கள். 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் இயல்பு. கீட்டோசிஸில் பெரும்பாலும் காய்ச்சல் இருக்காது. 103க்கு மேல் போனால் மடியையும் கருப்பையையும் சந்தேகப்பட வேண்டும்.

சாணியைக் கண்ணால் பாருங்கள். காய்ந்த கட்டியாக, மேலே சளி பூசியதுபோல் இருந்தால் கீட்டோசிஸோடு ஒத்துப்போகும். கூழாக, நுரைத்து, புளித்த வாடையோடு இருந்தால் கதை வேறு. சோறோ கஞ்சியோ மாவோ அதிகம் தின்று வயிறு புளித்திருக்கிறது.

பாலை நாக்கில் வைத்து உப்புக் கரிக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் நம் பக்கம் உண்டு. மடிநோயில் பால் உப்புக் கரிப்பது உண்மைதான். ஆனாலும் செய்யாதீர்கள், கன்றுவீச்சு நோயும் காசநோயும் பச்சைப்பால் வழியாக மனிதருக்கு வரும். ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டால் திரி, கட்டி தெரிந்துவிடும்.

இப்போது போனில் சொல்லுங்கள்: “கன்று போட்டு 18 நாள், பால் 12லிருந்து 8, தவிடு வேண்டாம், வைக்கோல் தின்கிறது, மூச்சில் இனிப்பு வாடை, சூடு 101.5, வயிறு 2 நிமிடத்தில் ஒரு முறைதான் தள்ளியது, சாணி கெட்டி.” வருவதற்கு முன்பே எந்த மருந்தை எடுத்து வைப்பது என்று அவருக்குத் தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் அவர் கிடைக்காவிட்டால் 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணைக் கூப்பிடலாம்.

அதுவரை வெல்லத்தைக் கரைத்து ஊற்றாதீர்கள். மாட்டின் பெருவயிற்றில் அது புளித்து அமிலமாகிவிடும், சர்க்கரையாக ரத்தத்துக்குப் போவது மிகக் குறைவு. தலையைத் தூக்கி நாக்கை இழுத்துப் பிடித்து ஊற்றினால் நுரையீரலில் இறங்கி, குணமாகக்கூடிய மாட்டை இழக்க நேரும்.