பிளேர் விட்ச்: 2000 படத்தைத் தாண்டி 2016-க்குப் போகலாமா?

1999-இல் வந்த 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' பேய்ப்படத்தில் கேமரா ஆடுவதைப் பார்த்துத் தலைசுற்றியது, 2000 படத்தை விட்டுவிட்டு 2016 படத்தைப் பார்த்தால் புரியுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் புரியும். 2000-இல் வந்த இரண்டாம் படம், முதல் படம்போலக் கதாபாத்திரங்களே கேமராவில் பதிவுசெய்ததாகக் காட்டாமல், பெரும்பாலும் வழக்கமான பாணியில் எடுத்தது. ஆடம் விங்கார்ட் இயக்கிய 2016 படம் அதைக் கண்டுகொள்வதே இல்லை. முதல் படத்தில் அமெரிக்காவின் மேரிலாந்து காட்டில் காணாமல்போன அக்கா ஹெதரைத் தேடித் தம்பி ஜேம்ஸ் நண்பர்களோடு போகிறான், அவ்வளவுதான்.

தலைசுற்றல்தான் சிக்கல். இதில் காதில் மாட்டும் கேமரா, ட்ரோன் எல்லாம் உண்டு, ஆனால் கேமரா ஆடுவது குறையவில்லை. கடைசிப் பகுதி முழுக்க ஓட்டம்தான். பெரிய திரை வேண்டாம். சின்னத் திரையில், சற்றுத் தள்ளி உட்கார்ந்து, அறை விளக்கைப் போட்டுக்கொண்டே பாருங்கள். (பேய்ப்படத்துக்கு விளக்கா என்று வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.) குமட்டினால் நிறுத்திவிட்டு அசையாத ஏதாவது ஒன்றைக் கொஞ்ச நேரம் பாருங்கள்.

அப்புறம், குறுகலான இடம் என்றால் பயமா உங்களுக்கு? ஒருத்தி சுரங்கத்துக்குள் ஊர்ந்து போகும் காட்சி வரும். என்னைக் கேட்டால் படத்திலேயே நன்றாக வந்த இடம் அதுதான்.