பழைய லேப்டாப்பைக் கொடுத்துவிடாதீர்கள்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

நான் கல்லிடைக்குறிச்சிப் பக்கம். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் உள்ள மடைகளின் பெயர்களையும் வயல்பத்துகளின் (வயல்வெளிகளின்) பெயர்களையும் நீர்பாய்ச்சிகளிடமும் வயசான விவசாயிகளிடமும் கேட்டு 2006-இலிருந்து கம்ப்யூட்டரில் அடித்து வைத்து வருகிறேன். சொன்னவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை.

இப்போது எழுதுவது வேறு விஷயத்துக்காக. என் பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஏறாது என்று சொல்லிவிட்டார்கள். தீபாவளிக்கு வந்த மகன் புது லேப்டாப் வாங்கி, அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்துவிட்டுப் பெங்களூர் போய்விட்டான். அன்றையிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை. சி டிரைவ், டி டிரைவ் எதையும் காணோம். வேர்ட் இல்லை. தமிழ் அடிக்க வரவில்லை. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளைத் திறந்தால் இங்கிலீஷ் எழுத்தாகக் கொட்டிக் கிடக்கிறது. மகனிடம் கேட்டால் "பழகிரும்ப்பா" என்கிறான். பழைய லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடலாம் என்றும் சொல்கிறான். இந்த வயதில் எனக்கு இது தேவையா? பேசாமல் விண்டோஸுக்கே திரும்பிவிடட்டுமா? பழக எவ்வளவு நாள் ஆகும்?

— பெயர் வேண்டாம், கல்லிடைக்குறிச்சி

அன்புள்ள சார்வாள்,

முதலில் மகனுக்கு ஒரு போன் போடுங்கள். பழைய லேப்டாப்பை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு வந்து மிச்சத்தைப் படியுங்கள்.

சி, டி டிரைவ் கவலையை விடுங்கள். லினக்ஸில் உங்கள் கோப்புகள் எல்லாம் ஹோம் என்ற ஒரே இடத்தில் இருக்கும். வேர்டுக்குப் பதிலாக இருப்பது லிப்ரே ஆபீஸ் ரைட்டர், உங்கள் வேர்ட் கோப்புகள் அதில் திறக்கும். 'இந்த வயதில்' என்ற பேச்சை இனி என்னிடம் எடுக்காதீர்கள். சித்திரை வெயிலில் வரப்பு வரப்பாக நடந்து மடையின் பெயர் கேட்டவருக்கு, ஒரு மெனு எங்கே இருக்கிறது என்று தேடுவது பெரிய காரியமா? உங்கள் பழைய லேப்டாப்பும் செத்துப்போகவில்லை. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய பிராசசரும் இருந்தால்தான் விண்டோஸ் 11 ஏறும், அவ்வளவுதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. நெட்டில் இணைக்காமல் வீட்டுக்குள் வைத்துக்கொண்டால் அது பாட்டுக்கு ஓடும். அதைத்தான் இப்போது நீங்கள் செய்ய வேண்டும்.

தமிழ் அடிப்பதற்கும் வழி இருக்கிறது. மின்டின் சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ் என்பதையும் ஐபஸ்-எம்17என் என்பதையும் தேடி நிறுவுங்கள். ஒருமுறை லாக்-அவுட் செய்து மறுபடி லாக்-இன் செய்து, ஐபஸ் அமைப்பில் தமிழைச் சேர்த்தால் விசைப்பலகை அமைப்புகளின் பட்டியல் ஒன்று வரும். தமிழ்99, டைப்ரைட்டர், ரங்கநாதன் எல்லாம் அதில் உண்டு. பாமினியில் ஓடிய கைக்கு ரங்கநாதன் அமைப்புதான் கிட்ட வரும். இடது கைக்கு ய, ள, ன, க என்று நாம் பழகிய வரிசை அப்படியே இருக்கும். ஒன்றிரண்டு விசைகள் தள்ளியிருந்தால் இரண்டு நாளில் விரல் தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும். இதோடு சேர்த்துத் தமிழ்99-ஐயும் படியுங்கள் என்று யாராவது வந்து சொல்வார்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த நல்ல அமைப்பு அது, எனக்கும் பிடிக்கும். ஆனால் இப்போது வேண்டாம். ஒரே நேரத்தில் லேப்டாப்பையும் மாற்றி, விரலையும் மாற்றினால் மனுஷன் வெறுத்துப்போய் எல்லாவற்றையும் மூடி வைத்துவிடுவான்.

சரி, இப்போது உங்கள்மேல் எனக்கு இருக்கிற கோபத்துக்கு வருகிறேன்.

கடிதம் முழுக்கக் கை ஓடவில்லை, கை ஓடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இத்தனை வருஷம் சேர்த்த பெயர்கள் இங்கிலீஷாகக் கொட்டிக் கிடக்கின்றன என்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். சொன்னவர்களில் பாதிப் பேர் இல்லை என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோப்பு போனால் யாரிடம் போய்த் திரும்பக் கேட்பீர்கள்?

என்ன நடந்திருக்கிறது என்பதை விளக்கமாகவே சொல்கிறேன். நீங்கள் பாமினியில் 'அம்மா' என்று அடித்தபோது கம்ப்யூட்டர் தமிழ் எதையும் சேமிக்கவில்லை. அது எழுதி வைத்தது: எம், கே, அரைப்புள்ளி, கே, எச். கணியான் கூத்தில் ஆண்பிள்ளை பெண் வேஷம் கட்டி வருகிற மாதிரி, அந்த எம் என்ற எழுத்து 'அ' வேஷம் கட்டித் திரையில் வந்து நின்றது. வேஷம் கட்டிவிட்டது பாமினி எழுத்துரு. புது லேப்டாப்பில் அந்த எழுத்துரு இல்லை, அதனால் வேஷம் கலைந்து நிற்கிறது. எண்ணாகச் சொன்னால், உங்கள் கோப்புக்குள் 'அ' இருக்கிற இடத்தில் இருப்பது 109. உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டரைக் கேட்டாலும் 109 என்பது இங்கிலீஷின் சின்ன எம்தான். ஒருங்குறியில், அதாவது யூனிகோடில், 'அ'வுக்கு என்றே ஓர் எண் உண்டு, 2949. அது விண்டோஸிலும் அ, லினக்ஸிலும் அ, உங்கள் பேத்தியின் போனிலும் அ.

ஒருங்குறியில் தமிழ் 1991-இலேயே இடம் பிடித்துவிட்டது. விண்டோஸ் 2000-இலேயே லதா என்ற ஒருங்குறி எழுத்துரு கூடவே வந்தது. தமிழக அரசும் 2010-இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. நீங்கள் அடிக்கத் தொடங்கியது 2006-இல். அப்போதே மாறியிருக்கலாம். யாரும் சொல்லித்தரவில்லை என்பீர்கள். மடைப் பெயரை மட்டும் யாராவது வீடு தேடி வந்து சொல்லித்தந்தார்களா? போய்க் கேட்டீர்கள் அல்லவா?

பாமினி எழுத்துருக் கோப்பைப் பழைய லேப்டாப்பின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து எடுத்து மின்டில் நிறுவினால் எல்லாம் முன்போலவே தமிழாகத் தெரியும். இதைச் சொல்வதற்கே எனக்குப் பயமாக இருக்கிறது. தெரிந்ததும் நிம்மதியாகிவிடுவீர்கள், அப்புறம் மாற்றவே மாட்டீர்கள். சரிபார்ப்பதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இப்படிக் கத்துகிறேன் என்றால், எங்கள் வீட்டிலேயே இது நடந்திருக்கிறது. என் அம்மாவின் அண்ணன், பெரிய மாமா, களக்காட்டுப் பக்கம் வில்லுப்பாட்டு அண்ணாவி, தலைமைப் பாடகர். கோயில் கொடைவிழாவுக்கு அவர் உட்கார்ந்து வீசுகோலை வில்லில் போட்டார் என்றால் பக்கத்து ஊர்க்காரர்களும் எழுந்து வந்துவிடுவார்கள். சுடலை கதையை ஏட்டைப் பார்த்துப் பேரேட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஏட்டில் இல்லாத, அவர் குருவிடம் வாய்ப்பாடமாகக் கேட்ட இடங்களும் அதில் இருந்தன. தொண்ணூறுகளின் கடைசியில் புத்தகமாகப் போடலாம் என்று ஒரு டி.டி.பி. கடையில் கொடுத்து அடித்தார்கள். பணம் புரளவில்லை, புத்தகம் வரவில்லை. பிளாப்பிகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்துவிட்டார்கள். அதுதான் பத்திரமாகக் கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்று நோட்டை யாரும் கண்டுகொள்ளவில்லை. கரையான் கண்டுகொண்டது.

மாமா போன பிறகு அவர் மகன், என் அத்தான், அந்தப் பிளாப்பிகளை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். புத்தகப் பக்கம் அமைக்கிற பேஜ்மேக்கர் மென்பொருளின் கோப்புகள். லிப்ரே ஆபீஸ் அவற்றையும் திறக்கும், திறந்தது. பக்கம் சரியாக இருந்தது, வரி சரியாக இருந்தது, பாட்டு எங்கே மடங்குகிறது, வசனம் எங்கே தொடங்குகிறது என்பதுகூடத் தெரிந்தது. ஓர் எழுத்தைக்கூடப் படிக்க முடியவில்லை. பாமினியாக இருந்திருந்தால் அன்றைக்கே மீட்டிருக்கலாம். அது கம்ப்யூட்டருக்குப் பின்னால் டாங்கிள் என்கிற பூட்டுக் கருவியைச் செருகினால்தான் வேலை செய்கிற ஏதோ ஒரு பேக்கேஜின் எழுத்துரு. கடையை மூடி வருஷக்கணக்காகிவிட்டது. அத்தான் திரையையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுச் சொன்னார், "ஏடா இருந்தாக் கண்ணாடியப் போட்டுட்டாவது வாசிச்சிருக்கலாம்லா."

இன்றைக்கும் எனக்கு அதற்குப் பதில் இல்லை. மாமாவின் பூட்டன் காலத்து ஏட்டை இரண்டு மாதம் பழகினால் யாரும் வாசித்துவிடலாம். மாமா 1998-இல் கொடுத்து அடித்ததை வாசிக்க ஆளில்லை.

அப்புறம் என் தங்கை மகள்தான் உட்கார்ந்தாள். அதே கடையில் அடித்த ஒரு கொடை நோட்டீஸ் அத்தான் வீட்டுப் பெட்டியில் கிடந்தது. அதே எழுத்துரு. நோட்டீஸின் கோப்பும் பிளாப்பியில் இருந்தது. தாளில் இருக்கிற எழுத்தையும் திரையில் இருக்கிற கிறுக்கலையும் ஒவ்வொன்றாகப் பொருத்தி ஒரு பட்டியல் போட்டாள். பெரும்பகுதி மீண்டுவிட்டது. கடைசிப் பிளாப்பி பூஞ்சணம் பிடித்துப் படிக்கவே இல்லை, மாமா வாழி பாடுகிற இடம் அதில்தான் இருந்தது. அது போனது போனதுதான்.

நம் மாவட்டத்தில் இந்த மாதிரி எழுத்துருக்களில் அடித்த கோயில் மலர்கள், பள்ளி நூற்றாண்டு மலர்கள், ஊர் வரலாறுகள் எத்தனையோ இந்த நிலையில்தான் இருக்கின்றன. பி.டி.எஃப். இருக்கிறது, நன்றாகத் தெரிகிறது என்று சொல்வார்கள். தெரியும். எழுத்துரு அதற்குள்ளேயே பொதிந்திருப்பதால் தெரியும். அதில் உங்கள் ஊர்ப் பெயரைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது.

இனி வேலை. பழைய கோப்பில் கை வைக்காதீர்கள், நகல் எடுத்துக்கொண்டு அதில் செய்யுங்கள். வேர்ட் கோப்பு என்றால் எழுத்துருவின் பெயர் உள்ளேயே இருக்கும், எல்லாம் பாமினிதானா என்று பாருங்கள். நோட்பேடில் அடித்தது என்றால் பெயர் இருக்காது, அதனால் கோப்பின் பெயரிலேயே 'பாமினி' என்று சேர்த்து எழுதிவிடுங்கள். மாற்றுவதற்குப் பழைய லேப்டாப்பில் என்.எச்.எம். கன்வர்ட்டர் போதும், இணையத்தில் சுரதாவின் பொங்குதமிழும் இருக்கிறது.

மாற்றியதும் முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். உங்கள் பட்டியலில் இங்கிலீஷ் எழுத்தில் பி.டபிள்யூ.டி. என்று நிறைய இடத்தில் அடித்திருப்பீர்கள். மாற்றி என்கிற அந்தக் கன்வர்ட்டர் அதையும் பாமினி என்றே எடுத்துக்கொண்டு தமிழாக்கிவிடும். பாமினியில் 'இ' இருப்பது கமா விசையில். வயல்பத்துப் பெயர்களுக்கு நடுவே இங்கிலீஷ் எழுத்துருவில் கமா போட்டிருந்தால் அத்தனையும் 'இ' ஆகிவிடும். பெயரோடு ஒட்டிக்கொண்டு அதுவே பெயர் என்று நிற்கும். ஐம்பது வருஷம் கழித்து யாராவது அதற்குத் தல வரலாறு எழுதிவிடுவார்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது ர். பாமினியில் ர-வுக்குத் தனி விசை இருந்தும், ர், ரி அடிக்க நாம் எல்லோரும் கால் (ா) விசையையே அழுத்திப் பழகியிருக்கிறோம். அடியில் சாய்கோடு இல்லாமல் அழகாக விழும் என்பதால் அப்படிப் பழக்கம். 'கார்' என்று நீங்கள் அடித்தது உள்ளே க, கால், கால், புள்ளி. நல்ல மாற்றி அதைப் புரிந்துகொண்டு ர் ஆக்கிவிடும். சுமாரான மாற்றி 'காா்' என்றே விட்டுவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கார், பிசானம் என்று பூ வாரியாக, அதாவது சாகுபடிப் பருவ வாரியாகக், கணக்கு வைத்திருக்கிறீர்களே, தேடும் பெட்டியில் 'கார்' என்று அடித்தால் அந்தப் பக்கங்களில் ஒன்றுகூட வராது. பெரிய பத்திரிகைகளின் இணையதளங்களிலேயே இந்தக் கால் வைத்த ர் கிடக்கிறது, பார்த்திருப்பீர்கள். ஆகவே கால்-புள்ளி, கால்-கொக்கி இரண்டையும் தேடி ர், ரி என்று மாற்றுங்கள். ரைட்டரில் 'ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்' இருக்கிறது, அது ஒரு நிமிஷ வேலை. புதிதாக அடிக்கும்போதும் ர-வை அதன் விசையிலேயே அடியுங்கள். உங்கள் விரலிடம் நான் கேட்கிற ஒரே மாற்றம் இதுதான். மற்றபடி அது பழகிய மாதிரியே ஓடட்டும்.

விண்டோஸா லினக்ஸா என்று கேட்டீர்கள். எழுத்து ஒருங்குறிக்கு வந்துவிட்டால் எதில் வேண்டுமானாலும் இருங்கள், எனக்குக் கவலை இல்லை. மின்டிலேயே இருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் மகனோடு அதற்காகச் சண்டை வேண்டாம்.

வயசானவர் சொன்ன பெயர்கள் எந்தக் கோப்பில் அதிகமோ அதை முதலில் எடுங்கள். வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று கால்வாய் போகிற வரிசையிலேயே போகலாம். ஒரு கோப்பு முடிந்ததும் ஒரு நகல் பென்டிரைவில், ஒன்று மகனிடம், ஒன்று எனக்கு. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் ஏற்றுவதை நானே செய்து தருகிறேன். மாற்றும்போது ஏதாவது ஒரு கோப்பு பாமினிக்கு அடங்கவில்லை என்றால் அதே எழுத்துருவில் அச்சான பக்கம் ஒன்று தாளில் இருக்கிறதா என்று வீட்டில் தேடுங்கள், கிழிந்ததாக இருந்தாலும் பரவாயில்லை. தங்கை மகள் இப்போது பாளையங்கோட்டையில்தான் இருக்கிறாள். சொன்னால் வந்துவிடுவாள்.