மலைவீட்டு நிழலில் என்ன பூக்கும்?

கேள்வி (கோபிச்செட்டிபாளையம் வாசகர்): கோத்தகிரிப் பக்கம் சின்னதா ஒரு வீடு வாங்கியிருக்கிறோமுங்க. வடக்கே சுவர் நிழல், கிழக்கே சில்வர் ஓக் மரங்கள். வருசா வருசம் விதை போடாம, ஒருதடவ வெச்சா நின்னு பூக்கற செடிக வேணும். டிசம்பர் பனிக்குத் தாங்குமுங்களா?

பதில்: உங்கள் வீட்டில் இருப்பது இரண்டு விதமான நிழல். சுவரடியில் வெளிச்சம் குறைவு, ஈரம் நிற்கும். மரத்தடியில் வெளிச்சம் சல்லடையாக விழும், ஆனால் வேர்கள் ஈரத்தை உறிஞ்சிவிடும். இரண்டுக்கும் ஒரே செடியை வைத்தால் ஒரு பக்கம் நிச்சயம் ஏமாற்றும்.

சுவர்ப்பக்கத்துக்கு ஹைட்ரேஞ்சியாவைத்தான் முதலில் சொல்வோம். மே முதல் ஜூலை வரை சூரியன் வடக்கே நகர்வதால் அங்கேயும் கொஞ்சம் வெயில் எட்டும், அது போதும். சுவரிலிருந்து மூன்றடி தள்ளி, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி குழி எடுங்கள். தோண்டிய மண் இரண்டு பங்குக்கு மக்கிய இலை ஒரு பங்கு, பழைய தொழு உரம் ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். சுவரை ஒட்டி வைக்கக் கூடாது. சிமென்ட்டிலிருந்து கரையும் சுண்ணாம்பு மண்ணின் புளிப்பைக் குறைத்துவிடும். புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைப்பதால்தான் நீலப்பூ. புளிப்பு குறைந்தால் அதே செடி ரோஸ் நிறத்தில் பூக்கும், இலையும் வெளிறும்.

‘செடி புதராக இருக்கிறது, பூவே இல்லை’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் கவாத்துதான். இந்தச் செடி போன வருடத்துக் குச்சியின் நுனி மொட்டில் பூப்பது. குளிர்காலத்தில் மொட்டையடித்தால் அடுத்த பூவையும் சேர்த்து வெட்டியதாகிவிடும். பூ வாடியதும், அதற்குக் கீழே முதலில் தெரியும் பருத்த மொட்டு ஜோடிக்குச் சற்று மேலே வெட்டி நிறுத்திக்கொள்ளுங்கள்.

மரத்தடிக்குக் கிளைவியா, ஃபூஷியா, பிகோனியா. மூன்றுமே உறைபனிக்குக் கருகக்கூடியவை. ஆனாலும் மரத்தடியில் தைரியமாக வைக்கலாம். தெளிவான இரவில் தரையின் சூடு நேராக வானத்துக்குப் போவதால்தான் உறைபனி பிடிக்கிறது. மேலே கிளை இருந்தால் அந்த இழப்பு குறையும். குளிர்காற்று வந்து தேங்கும் பள்ளத்தில் மட்டும் இவற்றை வைக்காதீர்கள். கட்டைவிரலைவிடத் தடித்த மரவேரை வெட்டாமல், வேர்களுக்கு இடையில் குழி எடுங்கள். கிளைவியாவை அடிக்கடி பிரிக்க வேண்டாம், வேர் நெருக்கத்தில்தான் நன்றாகப் பூக்கும். சில்வர் ஓக் சருகு சீக்கிரம் மக்காது. இரண்டு அங்குலத்துக்கு மேல் சேராமல், தண்டில் படாமல் ஒதுக்குங்கள். அதற்கடியில்தான் நத்தை பதுங்கும். மாலையில் ஈரச் சாக்கு விரித்து, காலையில் புரட்டி எடுத்துவிடலாம்.

வெள்ளை ஆரம் லில்லி மலையில் தானாகவே வளரும். ஆனால் ஓடையோரம் நடாதீர்கள், கரை முழுக்கப் பரவிவிடும். அகபாந்தஸுக்கு அரைநாள் வெயில் வேண்டும். முழு நிழலில் இலை மட்டும்தான் மிஞ்சும்.

நடவை மழை தொடங்கியதும் முடித்துவிடுங்கள். டிசம்பருக்குள் வேர் பிடித்திருக்க வேண்டும்.

கேள்வி (ஏற்காடு வாசகி): ஆன்லைனில் ஹோஸ்டா கிழங்கு வாங்கி வைத்தேன். முதல் வருடம் அழகாக இருந்தது, அடுத்த வருடம் இலை சிறுத்துவிட்டது. உரம் போதவில்லையா?

பதில்: உரக்குறை இல்லை, குளிர்க்குறை. மண் உறைகிற நாடுகளின் செடி அது. ஐந்தாறு வாரமாவது ஐந்து டிகிரிக்குக் கீழே உறங்கி எழுந்தால்தான் புதுக்குருத்து வலுவாக வரும். ஏற்காட்டில் அந்த உறக்கம் கிடைக்காமல், சேமித்த சத்தைத் தின்றே கிழங்கு சுருங்குகிறது. அஸ்டில்பி, டைசென்ட்ராவும் இதே ரகம். வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். உறைபனித் தொல்லை இல்லாத உங்கள் ஊருக்குக் கிழங்குப் பிகோனியாவைவிடத் தண்டுப் பிகோனியா நல்லது. நான்கு அங்குலக் குச்சியை மணலும் மக்கிய இலையும் சரிபாதி கலந்த கலவையில் ஊன்றினால் சுமார் ஒரு மாதத்தில் வேர் விடும். தண்ணீர் தேங்கினால் தண்டு அடியில் அழுகும்.

கேள்வி (கோவை வாசகி): ஊட்டியில் வாங்கிய ஹைட்ரேஞ்சியா தொட்டியில் இலை மஞ்சளாகிறதுங்க?

பதில்: போர் தண்ணீரின் சுண்ணாம்பு. சிறுவாணித் தண்ணீர் அல்லது மழைத் தண்ணீர் மட்டும் விடுங்கள், மார்ச் முதல் மதிய வெயில் படாமல் வையுங்கள். அப்படியும் மலையில் பூப்பதுபோல் பூக்காது. அரைநிழலுக்குக் கனகாம்பரமும் பீஸ் லில்லியும் உங்கள் ஊருக்குப் பொருத்தம்.