நீங்கள் பயப்படுவது தப்பான இன்ஹேலருக்கு

ஒன்பது கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது ஒன்றுதான்: ஆஸ்துமாவுக்குத் தினமும் இழுக்கச் சொன்ன ஸ்டீராய்டு இன்ஹேலர் பழக்கமாகிவிடுமோ, எலும்பை அரித்துவிடுமோ என்பது. யாரோ வீடியோவில் சொன்னாராம், நான்கு மாதம் முன்பு நிறுத்திவிட்டீர்களாம். சரி. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், நீல இன்ஹேலர் முன்பு ஆறு மாதம் வரும், இப்போது மாதம் ஒன்று வாங்குகிறேன் என்று, அங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

நீல இன்ஹேலரில் இருக்கிற சால்புட்டமால் மூச்சுக்குழாயை இறுக்கும் தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும், நாலைந்து மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான். குழாயின் உள்சுவர் வீங்கி, சளி கோத்துக் கிடக்கிறதே, அந்த வீக்கத்தை அது தொடவே தொடாது. ஒரு டப்பாவில் 200 பஃப், அதாவது 200 தடவை அழுத்தி இழுக்கலாம். மாதம் ஒன்று என்றால் நாளுக்கு ஆறேழு. வருடத்துக்கு மூன்று டப்பா ஆனாலே பெரிய இழுப்பு வரும் ஆபத்து கூடுகிறது என்று நாங்கள் உஷாராவோம்; பன்னிரண்டு என்பது உயிருக்கே ஆபத்து கூடும் கணக்கு. பெரியவர்களுக்குச் சால்புட்டமாலை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக அளவில் ஆஸ்துமா வழிகாட்டுதல் வெளியிடும் ஜீனா அமைப்பு 2019-இலேயே சொல்லிவிட்டது.

ஸ்டீராய்டுக்கு வருவோம். இரண்டு தடவை மூச்சு முட்டியபோது பழைய சீட்டைக் காட்டி பிரெட்னிசோலோன் மாத்திரை வாங்கி, நாளுக்கு 40 மில்லிகிராம் என்று ஐந்து நாள் விழுங்கினீர்களே, அது என்ன என்று நினைத்தீர்கள்? அதுவும் ஸ்டீராய்டுதான்! நீங்கள் தூக்கிப் போட்ட இன்ஹேலரில் ஒரு நாள் அளவு 400 மைக்ரோகிராம். எடையை மட்டும் பார்த்தால், நூறு நாள் இழுப்பதை ஒரே நாளில் விழுங்கியிருக்கிறீர்கள், அதுவும் உடம்பு முழுக்கச் சுற்றும் வடிவத்தில். தேவைப்படும்போது உயிரைக் காப்பாற்றும் மாத்திரை அது, மறுக்கவில்லை. ஆனால் அது தேவையா என்று முடிவு செய்ய வேண்டியது உங்களைப் பரிசோதிக்கிற மருத்துவர். நாலு மாதத்தில் இரண்டு தடவை தேவைப்பட்டது என்பதே ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்பதற்குச் சாட்சி.

மற்றவை சுருக்கமாக. கை நடுக்கமும் படபடப்பும் நீல இன்ஹேலரின் வேலை, அது குறைந்தால் இதுவும் குறையும். எக்ஸ்ரே நார்மல் என்பதால் ஆஸ்துமா இல்லை என்று ஆகாது, பெரும்பாலும் நார்மலாகத்தான் இருக்கும். நிறுத்தினால் இழுப்பு திரும்புகிறதே என்றால் அது நோய் திரும்புவது, போதைப் பழக்கம் இல்லை.

இதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். நீல இன்ஹேலர் இழுத்தும் நாலு மணி நேரம் தாங்கவில்லை, அல்லது ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேசி முடிக்க முடியவில்லை என்றால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். போகிற வழியில் நீல இன்ஹேலரை ஸ்பேசர் (இன்ஹேலரின் வாயில் பொருத்தும் பிளாஸ்டிக் குழல்) வைத்து ஒவ்வொரு பஃப்பாக, பத்து வரை இழுக்கலாம். திணறல் அப்படியே இருக்கும்போது விசில் சத்தம் மட்டும் அடங்கினால் சந்தோஷப்படாதீர்கள், காற்றே உள்ளே போகவில்லை என்று அர்த்தம்.

நிறுத்திய இன்ஹேலரை இன்றே ஆரம்பியுங்கள், இழுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள். ஒரே நாளில் வித்தியாசம் தெரியாது, சில வாரம் பொறுங்கள். இந்த வாரமே உங்கள் மருத்துவரைப் பாருங்கள், இரண்டு இன்ஹேலரையும் கொண்டு போய் அவர் எதிரில் இழுத்துக் காட்டுங்கள். முதலில் அழுத்திவிட்டு அப்புறம் இழுக்கிறவர்கள் நிறையப் பேர், மருந்து நுரையீரலுக்குப் போகாமல் நாக்கிலேயே படிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் நாக்கு கசக்கிறது என்று வேறு எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அங்கேயும் ஒரு சந்தேகம்.